மைக்குக்குப் பின்னால் ஒரு துணிக்கொடி

அந்த முனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. இழுக்கக் கூடாது, விடவும் கூடாது. அப்படித்தான். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்தச் சிவப்பு நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது. பாளையங்கோட்டையில் நான் ஏறும்போது இது துணியில் தைத்த ஏறக்குறைய முழு மைக். இப்போது பாருங்கள், கழுத்து போய்விட்டது. திசையன்விளை வருவதற்குள் தலையும் போய்விட்டால் நான் எதைக் காட்டி வாதாடுவது?

ஆமாம், ஊசிதான். பயப்படாதீர்கள், முனை என் பக்கம் இருக்கிறது. நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? திசையன்விளையா? நல்லது. அப்படியானால் கடைசிவரை பிடித்துக்கொள்ளலாம்.

இல்லை, நான் டெய்லரிங் படிக்கவில்லை. எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் ஆண்டு. பெயர் மங்கையர்க்கரசி. ஹாஸ்டலில் கரசி என்பார்கள். ஒரு பெண்ணின் பெயரை முன்பாதியை வெட்டிவிட்டுக் கூப்பிடுவது பற்றி என்னிடம் தனியாக ஒரு வாதம் இருக்கிறது. இப்போது அதை எடுக்கவில்லை, உங்களுக்குக் கை வலிக்கும்.

நான் போவது எப்சிபா வீட்டுக்கு. எப்சிபா என் ரூம்மேட். முதல் நாளிலிருந்து ஒரே அறை. போன வாரம் வார்டனிடம் வேறு அறை கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வார்டன் திங்கட்கிழமை அறை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சமாதானம் எனக்குப் பழக்கமில்லை. தான் செய்தது தவறு என்று அவள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் போகிறேன். ஒப்புக்கொண்டவள் பழைய அறையிலேயே இருந்துவிடுவாள். அது தன்னால் நடக்கிற காரியம்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் எந்தப் பக்கம் என்று புரியும்.

எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, கிராமத்துப் பெண்களும் ஓய்வு நேரமும் என்று கட்டுரை படித்தார். ஓய்வு நேரமாம்! நான் எழுந்துவிட்டேன். முடிக்கட்டும், அப்புறம் கேளும்மா என்றார்கள். எதற்கு அப்புறம்? தவறு நடக்கிற இடத்திலேயே தடுக்க வேண்டாமா? வீடு எரிந்து முடியட்டும் என்று யாராவது வாளியோடு காத்திருப்பார்களா? அந்த மனிதர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அதே கருத்தரங்கில் அருள்ராஜும் எழுந்து கத்தினான். என் வகுப்புதான். அவனைத் துறைத்தலைவர் அழைத்து, நல்ல குரல் வளம், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடு என்றார். என்னை அழைத்து, மரகதம் மேடத்தைப் போய்ப் பாரும்மா என்றார். மரகதம் மேடம் உளவியல் துறை. மாணவிகள் மனம் சரியில்லை என்றால் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

அதாவது அக்கா, ஒரே குற்றம். அவனுக்கு மைக். எனக்கு ஊசி.

மரகதம் மேடம் சனிக்கிழமை மதியங்களில் நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் மெல்லத் தையல் வட்டம் என்று ஒன்று நடத்துகிறார். மெஷின் கிடையாது. துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையம் கிடையாது. துணியில் பென்சிலால் வரையக் கூடாது. பழைய துணி, ஒரு ஊசி, நூல். கை போன போக்கில் மெதுவாகத் தைக்க வேண்டும், மனதை நூலோடு விட வேண்டும், இதில் சரி தவறு என்று எதுவுமே இல்லை என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரி தவறு இல்லாத இடத்தில் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

ஆனால் ஒன்றை எதிர்க்க வேண்டுமானால் உள்ளே இருந்து எதிர்க்க வேண்டும். பேசுகிற பெண்களின் கையில் ஊசியைக் கொடுத்து வாயை அடைப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவது என்று முடிவு செய்தேன். கள ஆய்வுக்காக வட்டத்தில் சேர்ந்தேன். சாட்சிக்கு எப்சிபாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

எப்சிபா எம்.எஸ்.சி. கணிதம். அதிகம் பேசமாட்டாள். நான் பேசுவதைக் கேட்பாள். கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள், கேட்டுக்கொண்டே கணக்குப் போடுவாள், கேட்டுக்கொண்டே தூங்கியும் விடுவாள். தூங்கிவிட்டாள் என்பதற்காக நான் வாதத்தைப் பாதியில் விடமாட்டேன். எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை.

துணிக்கு எங்கே போவது? ஹாஸ்டல் தலையணை உறை ஒன்று நைந்து கிடந்தது, அதை வெட்டிக்கொண்டேன். இதோ இதுதான். நூல் மட்டும் பளபளப்பான சிவப்பில் பட்டு நூல் வாங்கினேன். மற்றவர்கள் பூ தைத்தார்கள், அலை தைத்தார்கள், ஒருத்தி வெறுமனே கோடு கோடாகத் தைத்துக்கொண்டு கண்ணை மூடி மூச்சு விட்டாள். நான் மைக் தைத்தேன். எனக்கு எதைக் கொடுக்கவில்லையோ அதை. நெருக்கமான ஓட்டுத் தையலில், வரிசை வரிசையாக. அவர்கள் ஒரு கோடு முடிப்பதற்குள் நான் மைக்கின் தலையை முடித்துவிட்டேன். மேடம் பக்கத்தில் வந்து, மெதுவா, மெதுவா என்றார். "மேடம், நான் மெதுவாகத் தைப்பதையே சீக்கிரம் முடித்துவிடுவேன்" என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

முடிச்சுப் போடுவதை நான் ஆரம்பத்திலேயே நிராகரித்துவிட்டேன். முடிச்சு வேண்டாம் என்றுதான் மேடமும் சொன்னார், ஆனால் நூல் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் அதே தடத்தில் திரும்பி இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள் என்றார். போன வழியே திரும்பி வருவதா? என் குணத்துக்கு ஒத்துவராது. ஓரிடத்தில் ஒரு வரிசை முடிந்தால் நூலை வெட்டாமல், பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவினேன். முன்னால் பார்த்தால் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருந்தது. பின்னால் நூல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

எனக்குத் தையல் பிடித்துப்போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அதை எங்கேயும் பதிவு செய்துவிடாதீர்கள். ஆய்வுக்காக மெஸ்ஸில் தைத்தேன். ஆய்வுக்காக வகுப்பில் மடியில் வைத்துத் தைத்தேன். நூல் துணிக்குள் நுழைந்து வரும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், கேட்டிருக்கிறீர்களா? உலர்ந்த இலையை விரலால் தடவுகிற மாதிரி. அதைக் கேட்க வேண்டுமானால் வாயை மூடியிருக்க வேண்டும். ஆய்வுக்குத் தேவைப்பட்டதால் ஒரு நாள் சாயங்காலம் முழுக்க மூடிக்கொண்டு தைத்தேன். எப்சிபா கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்தாள். "ஏட்டி, காய்ச்சலா?" என்றாள்.

இங்கே ஒரு வேகத்தடை வரும், பிடித்துக்கொள்ளுங்கள். ஆ... சரி. ஒரு வரிசைதான் போனது.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, கைமாற்று என்று. எல்லாரும் ஓரளவு தைத்ததும் துணியை இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதில் தன் கையைச் சேர்ப்பார். அவர் போட்ட தையலை நீங்கள் பிரிக்கக் கூடாது, அது ஒன்றுதான் அங்கே கட்டாயமான விதி. என் இடப்பக்கம் எப்சிபா. கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்திருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது, விடுமுறை விட்டார்கள், தேர்வு வந்தது, வட்டம் கூடவே இல்லை. துணி அவளிடமே கிடந்தது. எப்போது கேட்டாலும், தச்சிட்டிருக்கேன், மெதுவாத்தானே தைக்கணும் என்பாள். விதியைச் சொல்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு வட்டம் கூடியது. துணி என் கைக்கு வந்தது. விரித்தேன்.

திருப்பிப் பாருங்கள் அக்கா. மெதுவாக. கண்டீர்களா?

நான் பின்பக்கம் தாவிவிட்ட அந்த நூல்கள் இருக்கின்றனவே, அவற்றையெல்லாம் அவள் மொட்டை மாடித் துணிக்கொடி ஆக்கிவிட்டாள். எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடி. ஒவ்வொரு சிவப்புக் கொடியிலும் சின்னச் சின்னதாகத் துணி தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். அது என் பச்சை நைட்டி. இது அவளுடைய கட்டம் போட்ட துண்டு. அந்த மூலையில் ஜோடி தப்பிய காலுறை, அதுவும் என்னுடையது. அப்புறம் இது. இதைப் பாருங்கள். என் உள்பாவாடை. ஓரம் கிழிந்த உள்பாவாடை. கிழிசலைக்கூட விடாமல் அப்படியே தைத்திருக்கிறாள், தொங்குகிற பிசிர் உட்பட! ஒரு பெண்ணின் உள்பாவாடையைக் கண்காட்சிக்கு வைப்பதா? வட்டத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஐயோ, இது கரசியோடதுல்லா என்று அடையாளம் வேறு கண்டுபிடிக்கிறார்கள்.

முன்பக்கம் திருப்பினேன். அவள் பின்னால் போட்ட தையல்களெல்லாம் முன்னால் பச்சையும் நீலமுமாகப் புள்ளி விழுந்து, மைக்குக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது.

"பின்பக்கத்தில் ஏன் தைத்தாய்?" என்றேன்.

"நீ தந்தப்ப இந்தப் பக்கம்தானே மேல இருந்துச்சு? நான் இதுதான் முன்பக்கம்னு நெனச்சேன்."

"மைக் இருக்கிற பக்கம் எப்படிப் பின்பக்கமாகும்?"

"மைக்கா அது? நான் கரண்டின்னுல்லா நெனச்சேன்."

கரண்டி! அக்கா, நீங்களே சொல்லுங்கள். பெண்ணுக்கு மறுக்கப்பட்ட மைக்கை நான் ரத்தச் சிவப்பில் தைத்து வைத்தால், அதைக் கரண்டி என்று பார்க்கிற ஒரு பெண்ணை என்ன செய்வது? நீங்கள் ஏன் துணியைத் தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள்? கழுத்து போனதால் அப்படித் தெரியலாம். முழுசாக இருந்தபோது மைக் போலத்தான் இருந்தது.

மரகதம் மேடம் கைதட்டி, இரண்டு பக்கமும் முன்பக்கம்தான், மெல்லத் தையலில் சரி தவறு கிடையாது என்றார். இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. நூலகத் தாழ்வாரத்தில் இந்தத் துணிகளைச் சுவரில் அடித்துக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். சுவரில் அடித்தால் ஒரு பக்கம்தான் தெரியும். மைக்கா, உள்பாவாடையா? பல்கலைக்கழகமே பார்க்கப் போகிறது, அருள்ராஜ் உட்பட. முடிவு தெரிந்தாக வேண்டும். பட்டிமன்றம் வைப்போம் என்றேன்.

வைத்தார்கள். என் தொல்லை தாங்காமல்தான் வைத்தார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள், அதை நான் பொருட்படுத்தவில்லை. மெஸ் ஹாலில், சனிக்கிழமை மதியம், மரகதம் மேடம் நடுவர். கொண்டைக்கடலைச் சுண்டல்கூட இருந்தது. என் அணியில் நான். எதிரணியில் எப்சிபா. அவள் வரமாட்டேன் என்றாள், நான்தான் எதிரணி இல்லாமல் வெல்வது எனக்குக் கேவலம் என்று கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன்.

நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் அக்கா, தற்பெருமை இல்லை. படைத்தவளின் நோக்கம் எதுவோ அதுவே முன்பக்கம் என்றேன். பெண்களின் உழைப்பு எப்போதும் பின்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது, இங்கேயும் அதுதான் நடக்கிறது என்றேன். கை தட்டினார்கள்.

எப்சிபா எழுந்தாள். துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அவ துணி. அவ எதச் சொல்லுதாளோ அதான் முன்பக்கம். ஆனா அந்த மைக்கு..."

"நடுவர் அவர்களே!" என்று எழுந்தேன். "நேற்றுவரை கரண்டி. இன்றைக்கு மைக். எதிரணி என் முதல் வாதத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது!"

"இல்லட்டி, நான் என்ன சொல்ல வாரேன்னா, பின்னால அந்த நூலு..."

"கேட்டீர்களா? பின்னால்! அது பின்பக்கம் என்று அவரே சொல்லிவிட்டார்!"

ஹாலே அதிர்ந்தது. எப்சிபா துப்பட்டா நுனியை விட்டுவிட்டாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பேச வேண்டியது இருக்காம்மா என்று மேடம் கேட்டதற்கு, ஒண்ணுமில்ல மேடம் என்றாள். மேடத்துக்கு வேறு வழியில்லை. மைக் பக்கமே முன்பக்கம் என்று தீர்ப்பு.

நான் அத்தோடு விட்டிருக்கலாம் என்கிறீர்கள். எப்படி விடுவது? மைக் முன்பக்கம் என்றால் அந்தப் புள்ளிகள் மைக்கின் மேல் ஏன் இருக்க வேண்டும்? தீர்ப்பு வந்தால் அதை நிறைவேற்ற வேண்டாமா? பிரிக்க அனுமதி கேட்டேன். தைத்தவளிடம் கேள் என்றார் மேடம். எப்சிபா சுண்டல் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஜெயிச்சிட்டல்லா," என்றாள். "பிரிச்சுக்கோ."

தெளிவான அனுமதி. நடுவர் முன்னிலையில்.

அன்று சாயங்காலமே அறையில் கட்டிலில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். அவள் எதிர்க் கட்டிலில் இருந்தாள். மழை வரும்போது மாடிக்கு ஓடித் துணி எடுப்போமே, அந்த மாதிரி ஒவ்வொன்றாக இறக்கினேன். காலுறை. ஒரு சுடிதார். ஒரு தலையணை உறை. ஒவ்வொன்றையும் இறக்கும்போது ஏன் பிரிக்கிறேன் என்று காரணத்தையும் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். காரணம் சொல்லாமல் பிரிப்பது காட்டுமிராண்டித்தனம். அவள் ஒன்றுமே பேசவில்லை. மௌனம் ஒரு வாதமா அக்கா? அதை எந்த இடத்தில் மடக்குவது? அழுகுணி ஆட்டம் அது. மறுநாள் மதியம் நான் மெஸ்ஸிலிருந்து வந்தபோது அவள் கட்டிலில் விரிப்பு இல்லை. வார்டனிடம் போய்க் கேட்டால், வேறு அறை கேட்டிருக்கிறாள், ஊருக்குப் போய்விட்டாள் என்கிறார்.

உள்பாவாடையை ஏன் முதலில் பிரிக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. அது... வரிசை என்று ஒன்று இருக்கிறது. ஓரத்திலிருந்து வரவேண்டும். அதைக் கடைசியில் பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். நைட்டியையும்தான். அந்தக் கட்டம் போட்ட துண்டையும். அவளாவது அங்கே இருந்தால் பிரிக்கலாம். ஆள் இல்லாத அறையில் யாருக்குக் காரணம் சொல்லிப் பிரிப்பது?

அப்புறம்தான் இந்தச் சதி வெளிப்பட்டது.

காலுறையை இறக்கின இடத்தில் மைக்கின் வயர் தளர்ந்தது. சுடிதாரை இறக்கின இடத்தில் பிடி தளர்ந்தது. திருப்பி வைத்துப் பார்த்தேன். நான் எங்கெங்கே முடிக்காமல் தாவினேனோ, சரியாக அங்கங்கே அவள் ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கிறாள். நைட்டியின் தோள் இருக்கிறதே, அது என் நூல் நழுவாமல் அமுக்கிப் போட்ட தையல். துண்டின் ஓரம், அதுவும் அப்படித்தான். உள்பாவாடை நாடா இருக்கிற இடத்தில்தான் மைக்கின் தலை முழுக்கவும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவளைப் பிரித்தால் நான் கழன்றுவிடுவேன், அந்த மாதிரி செய்து வைத்திருக்கிறாள்! கணக்குப் படிக்கிறவள் இல்லையா, கச்சிதமாகத் திட்டம் போட்டிருக்கிறாள். இது என்ன வாதம் அக்கா? எதிரணியை எதிர்க்கவே முடியாதபடி எதிரணிக்கே முட்டுக் கொடுத்து வைப்பது? எந்தப் பட்டிமன்றத்திலாவது இதை ஏற்பார்களா?

உடனே குரல் பதிவு அனுப்பினேன். நீளமாகத்தான். வரிசையாக அனுப்பினேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அறையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். பீரோவிடம் எவ்வளவு நேரம் பேசுவது? நடுவில் ஒரு 'ம்' கூட வராத இடத்தில் எனக்கு வாதமே எழவில்லை. கட்டுரையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அதுவும் ஓடவில்லை. கடைசியில் பேச ஒன்றும் தோன்றாமல், கழன்று தொங்குகிற மைக்கை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. உடனே பதில் வந்துவிட்டது. இதோ பாருங்கள், போனிலேயே இருக்கிறது.

'எதுக்குட்டி பிரிச்ச? தொடாத. அப்படியே கொண்டு வா.'

எதுக்குப் பிரிச்சேனாம்! பிரிச்சுக்கோ என்று சொன்னது யார்? சாட்சி இருக்கிறது, நடுவர் இருக்கிறார். இதற்குப் பதில் போனில் சொன்னால் போதாது என்றுதான் பஸ் ஏறிவிட்டேன்.

என்ன? சொல்லுங்கள். நீங்களே நடுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு இன்னொரு வாய்ப்பு... இல்லையா? அப்படியானால், நான் விட்டுக்கொடுத்துப்... அதுவும் இல்லையா? சரி, நீங்களே சொல்லுங்கள். நான் குறுக்கே வரவில்லை.

...

அவள் அன்றைக்கு என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டேனா என்றா? என்றைக்கு? பட்டிமன்றத்திலா? அவள்தான் சொன்னாளே. 'ஆனா அந்த மைக்கு' என்றாள். அப்புறம் 'பின்னால அந்த நூலு' என்றாள். அதுதான் சொன்னது. அதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனா அந்த மைக்கு... பின்னால அந்த நூலு...

இது இட்டமொழியா? வந்துவிட்டதா? அந்த முனையைப் பாருங்கள் அக்கா, தொய்கிறது. இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்கும்போது எனக்கு இப்படித்தான் முகம் போகும்.

அவள் வேண்டுமானால் மைக் நழுவும் என்று சொல்ல வந்திருக்கலாம். வந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் ஆகவில்லை. அப்படியே இருந்தாலும் தவறு அவளுடையதுதான். வாக்கியத்தை முக்கியமான இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாமா? 'கரசி, உன் மைக் கழன்றுவிடும்' என்று எடுத்த எடுப்பில் சொல்லியிருந்தால்? அப்போதும் நான் குறுக்கே வந்திருப்பேனா என்றால்... வந்திருப்பேன். ஆனால் செய்தி காதில் விழுந்திருக்கும் இல்லையா?

அவளிடம் பேசுவதற்கு நிறைய வாதங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் எல்லாம் நினைவில் இருந்தது. மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் அனுமதி பற்றிய வாதத்தை எடுத்துவிட்டேன், அது சின்னத்தனமாகத் தெரிந்தது. உள்பாவாடை வாதத்தையும் எடுத்துவிடலாம். கிழிசல் உண்மைதானே. கரண்டியை மட்டும் விடமாட்டேன். கரண்டிக்கு அவள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நீங்கள் எழாதீர்கள் அக்கா, ஒரே ஒரு நிமிஷம். கூட்டம் இறங்கட்டும். இடித்தால் தலையும் போய்விடும்.

அதோ, அந்தப் பழக்கடைக்குப் பக்கத்தில். மஞ்சள் சுடிதார். அவள்தான். வருகிறேன் என்று மட்டும்தான் அனுப்பினேன், எந்த பஸ் என்று சொல்லவில்லை, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. முகத்தைப் பாருங்கள், கோபமாக வருகிறாள். நல்லது. கோபமாக வந்தால் பேசுவாள். பேசாமல் வந்துவிடுவாளோ என்றுதான் இவ்வளவு நேரம்... சரி, விடுங்கள்.

வந்துவிட்டாள். ஜன்னலுக்குக் கீழேயே வந்து நிற்கிறாள். எப்சிபா, இங்கே பார், முதலில் கரண்டி என்று நீ சொன்னது...

"பேசாத," என்கிறாள். கேட்டீர்களா? "நீ பேசினா கை ஆடும்."

முதல் வாக்கியமே கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது. இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நல்ல பதில். ஆனால் அவள் ஜன்னல் கம்பி வழியாக விரலை நீட்டி அந்தத் தலைப் பகுதியை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். இப்போது நான் பேசினால் நிஜமாகவே கை ஆடும்.

உங்களிடம் ஏதோ சொல்கிறாள். விட்டுடாதீங்க அக்கா, நான் உள்ள வந்து வாங்கிக்கிடுதேன் என்கிறாள். படியேறுகிறாள். வருகிறாள். துணியைத் திருப்பிப் பார்க்கிறாள். காலுறை இருந்த இடத்தைத் தடவுகிறாள். உள்பாவாடை இருக்கிறதைப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள்தான் சாட்சி.

"இது இன்னைக்கு ஆவுற வேல இல்லட்டி," என்கிறாள். "மெதுவாத்தான் பாக்கணும். திங்கக்கெழம பஸ்ல கொஞ்சம். மிச்சம் ரூம்ல போயி."

ரூம்ல என்றாள், கவனித்தீர்களா அக்கா? எந்த ரூம் என்று சொல்லவில்லை. வாக்கியத்தில் அது விட்டுப்போயிருக்கிறது. இந்த இடத்தில் குறுக்கிட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதுதான் முறை, வேறு யாராக இருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

கேட்கப் போவதில்லை. அந்த முனையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். மெதுவாக.